வியாழன் மைனஸ் 28: கூடும் கொட்டிலும்

*குடும்ப வாட்ஸ்அப் குழு, ஜனவரி முதல் வாரம், ஒன்ராறியோ*

தம்பி (ஷெல்பர்ன்), காலை 7:05
வியாழன் இரவு மைனஸ் 28 எண்டு காட்டுது. கோழிக்கூட்டிலை எல்லா ஓட்டையையும் அடைச்சுப்போட்டு 250 வாட் சிவப்பு லாம்பைக் கொழுவப்போறன். 8க்கு 8 கூடு, 14 பேடு. ஒரு லாம்பு காணுமோ?

பெரியண்ணை (லிண்ட்சே), 7:09
லாம்பும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். முதலிலை ஒண்டு சொல்லு. விடியக் கூட்டு யன்னலுக்கு உள்பக்கம் என்ன மாதிரி?

தம்பி, 7:11
வெள்ளையாய் உறைஞ்சு கிடக்கு. விரலாலை சுரண்டலாம்.

பெரியண்ணை, 7:20
அதுதான் வில்லங்கம். அந்த உறைபனி வெளியிலையிருந்து வந்ததில்லை. கோழி விடுற மூச்சும் எச்சத்திலையிருந்து கிளம்புற ஈரமும்தான். கோழியின்ரை உடம்புச்சூடு 41 பாகை, மேலை இறகுச் சட்டை வேறை. காய்ஞ்ச கூடெண்டால் கடும் குளிரையும் அது சமாளிக்கும். ஆனால் ஈரக்காத்து கொண்டையிலை படிஞ்சால் அவ்வளவு குளிர் இல்லாட்டிலும் நுனி கறுக்கத் தொடங்கும். நீ ஓட்டையை அடைச்சால் கூடு கொஞ்சம் சூடாகும், ஆனால் ஈரம் உள்ளையே தேங்கும்.

பெரியண்ணை, 7:24
காத்துவழி கோழியின்ரை தலைக்கு மேலை இருக்கவேணும், கூரை விளிம்புக்குக் கீழை. 10 சதுர அடி தரைக்கு 1 சதுர அடி எண்டு வை. உன்ரை 64 சதுர அடிக்கு 6 சொச்சம். எதிரெதிர்ச் சுவர் ரெண்டிலும் 8 அடி நீளத்துக்கு 5 அங்குலம் திறந்தால் 6½ சொச்சம் வரும். கோழி இருக்கிற உயரத்திலை காத்து அடிக்கக்கூடாது. இரவிலை கோழி ஏறி இருக்கிற கட்டையிலை ஒரு நூல் கட்டிப் பார், அது ஆடினால் கீழை எங்கையோ ஓட்டை. அடைக்கிறதெண்டால் அதை அடை.

மச்சாள் (பீட்டர்பரோ), 7:31
தம்பி, லாம்புக் கதையை நானும் சொல்லுறன். கிளிப் கழண்டு மரச்சீவலிலை விழுந்தால் கூடு எரியக் கனநேரம் எடுக்காது. தூசி படிஞ்ச பல்ப், கோழி பறந்து தட்டுறது, எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறுறது, எல்லாம் ஒரே முடிவுதான். இன்னொண்டு, நடு இரவு கரண்ட் போனால் சூட்டுக்குப் பழகின கோழி ஒரேயடியாய் மைனஸ் 28க்குள்ளை நிக்கும்.

மாமி (ஸ்காபரோ), 7:40
பாவங்கள், குளிருக்கை எப்பிடி நித்திரை கொள்ளுதுகள்? ஒரு கம்பளி போட்டு மூடினால் என்ன

மச்சாள், 7:42
கம்பளி உள்ளதுதான் மாமி, பிறக்கேக்கையே போட்டுக்கொண்டு வந்திட்டுதுகள் 😄

பெரியண்ணை, 7:50
தம்பி, கட்டை என்ன மாதிரி? உருண்டைக் கம்போ?

தம்பி, 7:52
ஓம், ஒண்டேகால் அங்குல உருண்டை.

பெரியண்ணை, 7:58
அதைக் கழட்டிப்போட்டு டூ பை ஃபோர் (ரெண்டுக்கு நாலு அங்குல) பலகையை அகலப்பக்கம் மேலை வரப் போடு. பாதம் தட்டையாய் இருந்தால்தான் நெஞ்சு இறகு விரலை முழுக்க மூடும். உருண்டையிலை விரல் நுனி கீழை தொங்கும், அதுதான் முதலிலை உறையிறது. ஆளுக்கு 10 அங்குலம் கணக்குப்பண்ணு. 14க்கு 12 அடி வேணும், அப்ப ரெண்டு கட்டை, ஒரே உயரத்திலை. உயரம் வித்தியாசப்பட்டால் மேல்கட்டைக்குச் சண்டை.

தம்பி, 8:03
கொண்டைக்கு வாஸ்லின் பூசவோ?

மச்சாள், 8:07
சிலபேர் பூசுகினம். பெரிய நம்பிக்கை வையாதேங்கோ. காத்தோட்டம் சரியில்லாத கூட்டிலை வாஸ்லின் பூசின கொண்டையும் கறுக்கும். உங்களிட்டை லெக்ஹோர்ன் இனக் கோழி நாலு இருக்கெல்லோ, அதுகளின்ரை கொண்டை நீட்டு, அதைக் கவனியுங்கோ. கறுத்த நுனியை வெட்டவோ தேய்க்கவோ கூடாது, சூடு காட்டவும் கூடாது. தானாய்க் காய்ஞ்சு விழும்.

பெரியண்ணை, 8:12
அடுத்தமுறை குஞ்சு எடுக்கேக்கை சாண்ட்க்ளேர் எடு. கியூபெக்கிலை ஓகா மடத்துத் துறவி ஒருத்தர் இந்தக் குளிருக்கெண்டே உருவாக்கின இனம். கொண்டை சின்னக் குமிழ் மாதிரி, தாடியும் இல்லாத மாதிரித்தான். உறைய அங்கை ஒண்டுமில்லை. முட்டை லெக்ஹோர்ன் அளவுக்கு வராது, அதையும் சொல்லவேணும்.

தம்பி, 12:15
தண்ணி? காலமை வைச்சது 9 மணிக்கே கல்லு.

பெரியண்ணை, 12:26
பிளாஸ்டிக் வாளி வெடிக்கும். கறுத்த ரப்பர் தொட்டி ரெண்டு வாங்கு. ஒண்டு உள்ளை, ஒண்டு வீட்டிலை உருக. கவிழ்த்து மிதிச்சால் ஐஸ் கட்டி அப்பிடியே வரும். ஒரு பேட்டுக்கு நாளுக்கு கால் லீற்றர், 14க்கு மூண்டரை லீற்றர். இளஞ்சூட்டுத் தண்ணி காலமையும் மத்தியானமும் பின்னேரம் தீன் நேரத்திலையும். கரண்ட் இருந்தால் சூடுகாட்டுற நாய்க் கிண்ணம் காணும், ஆனால் ஜி.எஃப்.சி.ஐ. பிளக்கிலைதான் (கரண்ட் கசிஞ்சால் தானாய் நிக்கிறது) கொழுவு. தொட்டியைக் கூட்டுக்குள்ளை கட்டைக்குக் கீழை வையாதை, சிந்தினால் திரும்பவும் ஈரம். தண்ணி இல்லையெண்டால் கோழி தீனும் தின்னாது, அடுத்த நாளே முட்டை குறையும்.

மச்சாள், 12:33
தீனையும் கூட்டுங்கோ. சாதாரண நாளிலை ஒரு பேட்டுக்கு 120 கிராம், இந்தக் குளிருக்கு 150. 14க்கு 2 கிலோ சொச்சம், 25 கிலோ மூட்டை 12 நாளுக்கு. 16 சதவீதப் புரதமுள்ள லேயர் தீன்தான் (முட்டையிடுற பேட்டுக்கான தீன்) முதல் சாப்பாடு. உடைச்ச சோளம் பின்னேரம் ஒரு பிடி, மொத்தத்திலை பத்திலொண்டுக்கு மேலை வேண்டாம். கூடினால் கொழுப்பேறி முட்டை நிண்டிடும்.

மாமி, 12:41
முட்டை எண்டால் ஞாபகம் வருது, இந்தமாதம் ஒண்டும் வரேல்லை எனக்கு

தம்பி, 12:43
இடுறதே நாளுக்கு நாலு மாமி.

பெரியண்ணை, 12:52
அது குளிராலையில்லை, வெளிச்சத்தாலை. இப்ப பகல் 9 மணித்தியாலம், பேட்டுக்கு 14 வேணும். சூரியன் 4:50 அளவிலை போகுது, அப்ப 9 வாட் எல்.இ.டி. பல்பை டைமரிலை விடியப்புறம் 2:50க்குப் போட்டு, நல்லா விடிஞ்சாப்பிறகு நிப்பாட்டு. பின்னேரம் கூட்டாதை. திடீரெண்டு லைட் நிண்டால் கட்டை தேடித் தடுமாறும். ஒரேயடியாய் 5 மணித்தியாலமும் கூட்டாதை, கிழமைக்கு அரை மணி. முதல் வருஷப் பேடு லைட் இல்லாமலும் இடும். சிறகு உதிர்க்கிற பழசுக்கு ஓய்வு குடுக்கிறதெண்டால் அதுவும் சரிதான்.

மச்சாள், 12:58
முட்டையை நாளுக்கு மூண்டுதரம் எடுங்கோ. உறைஞ்சால் உள்ளை விரிஞ்சு ஓடு வெடிக்கும். வெடிச்சது மாமிக்குப் போகாது. நல்லா அவிச்சு நொருக்கிக் கோழிக்கே போடுங்கோ.

தம்பி, 6:30
மச்சாள், கோழியை விடுங்கோ. மூண்டு வெள்ளாடு இந்தக் கிழமை ஈனப்போகுது. அதுக்கு லாம்பு வேணுமெல்லோ?

மச்சாள், 6:41
இல்லை. முதல் வேலை துடைக்கிறது. பழைய துவாய் மூண்டு நாலு ஆயத்தமாய் வையுங்கோ. மூக்கு, வாய், பிறகு காது. ஈரக்காதுதான் இந்தக் குளிரிலை உறைஞ்சு விழுறது. தாயும் நக்கட்டும், பறிக்காதேங்கோ. தொப்புளை 7 சதவீத அயோடினிலை தோய்க்கவேணும்.

கடும்புப்பால் (ஈண்டவுடனை வாற முதல் பால்) முதல் 2 மணித்தியாலத்துக்குள்ளை. 3 கிலோக் குட்டிக்கு ஒருதரம் 150 மில்லி, முதல் நாளுக்குள்ளை குறைஞ்சது 300. உறையவைச்ச கடும்பு இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ளை வைச்சு உருக்குங்கோ. மைக்ரோவேவ் நோயெதிர்ப்புச் சத்தைக் கெடுத்துப்போடும்.

வெப்பமானி கட்டாயம். 39 எண்டால் சரி. 37க்குக் கீழை போனால் பால் பருக்காதேங்கோ, விழுங்கமாட்டாது, நெஞ்சுக்குள்ளை போகும். முதலிலை சூடாக்கோணும். பிறந்து 5 மணித்தியாலத்துக்கு மேலாகி, 37க்குக் கீழையுமெண்டால் குளுக்கோஸ் இல்லாமல் சூடாக்கினால் வலிப்பு வரலாம். உடனை மிருக வைத்தியருக்கு அடியுங்கோ.

பெரியண்ணை, 6:50
பெரிய ஆட்டுக்குச் சூடு தாறது தானியமில்லை, ஹே (காய்ஞ்ச புல்லு). வயித்துக்குள்ளை புல்லு புளிக்கேக்கைதான் சூடு வரும். இரவுக்கு ஒரு அரைக் கிலோ கூட்டிப் போடு. படுக்கைக்கு வைக்கோல், முழங்கால் புதையிற அளவு.

மச்சாள், 6:55
நலமடிச்ச (விதை நீக்கின) கிடாய்க்குத் தானியம் குறைவாய், தண்ணி இளஞ்சூடாய். குளிரிலை தண்ணி குடிக்காமல் விட்டுச் சிறுநீர்க்குழாயிலை கல்லு அடைக்கும், முக்கிக்கொண்டு நிக்கும். சாணி வரேல்லை எண்டு நினைச்சு ஏமாறாதேங்கோ.

ஆட்டு மினரலைச் செம்மறிக்கு வையாதேங்கோ, அதிலை இருக்கிற செம்பு செம்மறிக்கு நஞ்சு. செலீனியம் பற்றியும் வைத்தியரைக் கேளுங்கோ. எங்கடை மண்ணிலை அது குறைவு, குட்டி பின்னங்கால் விறைச்சு எழும்பாமல் கிடக்கும்.

தம்பி, 8:10
அப்ப நாளைக்குச் சுவர் வெட்டுறன். திறந்த இடத்துக்குக் கோழிவலை அடிக்கவோ?

பெரியண்ணை, 8:17
கோழிவலை கோழியைத்தான் மறிக்கும், ரக்கூன் கிழிச்சுப்போடும். அரை அங்குலக் கண் ஹார்ட்வெயார் க்ளொத் (கெட்டிக் கம்பிவலை) வாங்கு. ஒரு அங்குல ஓட்டைக்குள்ளாலை வீசல் (கீரி மாதிரி ஒரு சின்ன மிருகம்) வரும், வந்தால் ஒரே இரவிலை கூடு முழுக்க. சிட்டுக்குருவியும் உள்ளை வந்து தீனிலை எச்சம் போடக்கூடாது, பறவைக்காய்ச்சல் இருக்கு. ஸ்டேபிள் கழண்டிடும். வாஷர் போட்ட ஒண்டேகால் அங்குல ஸ்குரூ, 4 அங்குலத்துக்கு ஒண்டு. விளிம்பை வெளியிலை இல்லாமல் உள்ளை மடி, கையைக் கிழிக்கும்.