கால் கட்டைவிரலைப் பாருங்கள்

சியோலில் உள்ள கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் 2021 நவம்பரில் ஓர் அறையைத் திறந்தார்கள். அவ்வளவு பெரிய அறையில் இரண்டே சிலைகள். பொன்முலாம் பூசிய வெண்கலப் போதிசத்துவர்கள், அதாவது புத்தராகும் பாதையில் இருப்பவர்கள். ஒன்று 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, மற்றது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கண்ணாடிப் பெட்டி கிடையாது. சுற்றிவந்து முதுகையும் பார்க்கலாம்.

இருவருக்கும் ஒரே அமர்வுதான். இடது கால் தொங்க, வலது கணுக்கால் இடது முழங்கால்மேல். வலக்கை விரல்கள் கன்னத்தருகே. ஆனால் மூத்தவர் தலையில் சூரியனும் பிறையும் வைத்த அலங்கார மகுடம், தோளில் விரிந்த ஆடை. இளையவருக்கு மூன்று வளைவுகளோடு ஒரு எளிய மகுடம், வெற்று மார்பு, கழுத்தில் ஆரம் மட்டும். அந்த வெறுமையே என்னைப் பிடித்து நிறுத்தியது.

எல்லோரும் இளையவருடைய புன்னகையைப் பார்க்கிறார்கள். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மடித்த காலின் கட்டைவிரலைக் கவனியுங்கள்: லேசாக நிமிர்ந்து முறுக்கேறியிருக்கிறது. முகம் அமைதியாக இருக்க, யோசனையின் அழுத்தம் முழுவதும் பாதத்துக்கு இறங்கிவிட்டது. இந்தச் சிற்பியை நான் பெரிய ஆளாக மதிப்பது இதற்காகத்தான்.

இரண்டும் உள்ளே கூடானவை. மூத்தவர் ஏறத்தாழ 38 கிலோ, இளையவரோ 112 கிலோ. உயர வேறுபாடு பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. மூத்தவரின் வார்ப்பு அவ்வளவு மெல்லியது. அத்தனை மெல்லிய அச்சில் உருகிய உலோகத்தை எங்கும் தடைபடாமல் ஓடவைப்பது சாதாரண வேலையில்லை. அக்காலத்தில் முலாம் பூசப் பொன்னைப் பாதரசத்தில் கரைத்துத் தடவிச் சூடேற்றுவார்கள். பாதரசம் ஆவியாகப் போக, பொன் ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இவர்கள் யார் என்பதுதான் வழக்கு. சீனாவில் இதே அமர்வுள்ள சிலைகள் சிலவற்றில் 'சிந்திக்கும் இளவரசர்' என்று பொறித்திருக்கிறார்கள். அதாவது துறவுக்கு முந்தைய சித்தார்த்தர். ஜப்பானின் யாச்சூ-ஜி கோயிலில் 666ஆம் ஆண்டுப் பொறிப்புள்ள வெண்கலமோ தன்னை மைத்ரேயர், அதாவது இனி வரப்போகும் புத்தர் என்கிறது. என்னைக் கேட்டால், மூத்தவர் மகுடத்தோடு காத்திருக்கும் மைத்ரேயர். இளையவர் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கும் இளவரசர். அறிஞர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.