21 வயதில் ஸ்டீபிள்சேஸ் ஆரம்பிக்கலாமா? அவினாஷ் சாப்ளே எப்போது ஆரம்பித்தார்?

வைகைக்கரை:
வணக்கம். என் தம்பி ராணுவத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஊரில் பள்ளிக்கூடப் பந்தயங்களில் ஓடியதோடு சரி, முறையான பயிற்சி கிடையாது. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்கிறார்கள். இப்போது யூனிட்டில் அவனை ஸ்டீபிள்சேஸ் (கட்டைகளையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஓட்டம்) முயற்சி செய்யச் சொல்கிறார்களாம். வயது 21. சின்ன வயதிலேயே ஆரம்பிக்காதவன் இனி என்ன சாதிக்கப் போகிறான் என்று மாமா சொல்லிவிட்டார். அவனுக்கு எப்போதும் ராணுவத்திலிருந்து வந்த ஸ்டீபிள்சேஸ் வீரர் அவினாஷ் சாப்ளே பேச்சுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹவில்தார்:
தம்பி, நான் சர்வீஸில் இருந்தபோது யூனிட்டுக்காக கிராஸ் கன்ட்ரி (மைதானத்துக்கு வெளியே மண்ணிலும் மேடு பள்ளத்திலும் ஓடும் நீண்ட ஓட்டம்) ஓடியவன். அதனால் சாப்ளேயை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வருகிறேன். உங்கள் வீட்டுக் கதையும் அவர் வீட்டுக் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டம், மாண்ட்வா கிராமம். மழை பொய்க்கும் பூமி. கரும்பு வெட்டப் பல ஊர்களுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போகும் மாவட்டம் அது. அவருடைய பெற்றோரும் செங்கல் சூளையில் உழைத்தவர்கள். பள்ளிக்கூடம் 6 கிலோமீட்டர் தள்ளி. பஸ் கிடையாது, நடையும் ஓட்டமும்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மஹர் ரெஜிமென்ட்டின் 5வது பட்டாலியனில் சேர்ந்தார். சியாச்சின், ராஜஸ்தான், சிக்கிம் என்று சாதாரண ஜவானாகத்தான் டியூட்டி பார்த்தார். ராணுவ கிராஸ் கன்ட்ரிக்கு வந்ததே 2015இல். அப்போது அவருக்கும் உங்கள் தம்பி வயதுதான். உடம்பு கனத்திருந்தது, 20 கிலோ அளவுக்கு எடை குறைத்தார். பயிற்சியாளர் அம்ரீஷ் குமார் சொல்லித்தான் ஸ்டீபிள்சேஸ் பக்கம் திரும்பினார். 2018இல் புவனேஸ்வரில் 8:29.80 (8 நிமிடம் 29.80 வினாடி). கோபால் சைனி 1981இல் வைத்த தேசிய சாதனை, 37 வருடம் யாராலும் தொட முடியாமல் இருந்தது, அன்றைக்கு உடைந்தது.

ஏழைப் பையன் கஷ்டப்பட்டு ஜெயித்தான் என்று எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மாதச் சம்பளமும் மெஸ் சாப்பாடும் வந்த பிறகுதான் அவருடைய கால்கள் வேலை செய்ய ஆரம்பித்தன. வறுமை யாரையும் வேகமாக ஓட வைப்பதில்லை. என்னோடு ஓடியவர்களில் சாப்ளே அளவுக்கு மூச்சு உள்ள பையன்கள் இருந்தார்கள். பாதிப் பேர் சம்பளத்தை முழுக்க வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாலும் முட்டையும் வாங்கக் கையில் காசில்லாமல் நின்றுபோனார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ட்ராக் நேசன்:
ஹவில்தார் ஐயா சொன்னதோடு பர்மிங்ஹாம் 2022ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் ஸ்டீபிள்சேஸில் 1998 முதல் 2018 வரை மூன்று பதக்கங்களும் கென்யாவுக்குத்தான். அந்த வரிசைக்குள் புகுந்து சாப்ளே 8:11.20இல் வெள்ளி வாங்கினார். தங்கம் வென்ற கென்யாவின் கிபிவோட் 0.05 வினாடிதான் முன்னால். அடுத்த வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆரம்பத்திலிருந்தே தனியாக முன்னால் ஓடித் தங்கம். 2024இல் பாரிஸில் நடந்த டயமண்ட் லீக் (உலகின் முன்னணித் தடகளப் போட்டித் தொடர்) பந்தயத்தில் இன்னும் வேகமாக 8:09.91.

தாமதமாக வந்ததற்கு லலிதா பாபரும் உதாரணம். சதாரா மாவட்டத்து விவசாயி மகள், மும்பை மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தவர். ஸ்டீபிள்சேஸுக்கு மாறி 2014 ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2016 ரியோவில் இறுதிப் போட்டி. 1984இல் பி.டி.உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் தடகள ஓட்டத்தில் இறுதிக்குப் போன முதல் இந்தியர் அவர்தான்.

வைகைக்கரை:
மிக்க நன்றி ஐயா. தம்பியும் சம்பளத்தை அப்படியே வீட்டுக்குத்தான் அனுப்புகிறான். அம்மாவிடம் பேசுகிறேன். இந்த ஓட்டத்தில் அடிபடும் என்கிறார்களே, அதுதான் அம்மாவுக்குப் பயம்.

பழைய ஹவில்தார்:
பயம் நியாயமானதுதான், மறைக்க மாட்டேன். சாதாரண ஹர்டில்ஸ் தட்டினால் விழுந்துவிடும், இது விழாது. கனமான கட்டை, ஆண்களுக்கு 91.4 சென்டிமீட்டர் உயரம். 3000 மீட்டருக்குள் 28 தடவை அதைத் தாண்ட வேண்டும், அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி 7 தடவை. சாப்ளேயே 2025இல் மொனாகோ பந்தயத்தில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பெரும்பாலும் களைத்த காலில், கூட்டத்தின் நடுவில், கட்டை கண்ணுக்குத் தெரியாமல் போகும்போதுதான் அடிபடும்.

அதனால் முதல் வருடம் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். கிராஸ் கன்ட்ரியும் 5000 மீட்டரும் ஓடட்டும். வாரத்தில் இரண்டு நாள் தாழ்ந்த ஹர்டில்ஸில் இரண்டு காலாலும் தாண்டிப் பழகட்டும். ஒரே காலை நம்பினால் கட்டைக்கு முன்னால் அடியைக் குறுக்கிக் குறுக்கியே வேகம் போய்விடும். ஸ்பைக்ஸுக்கு (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) இப்போது செலவு செய்ய வேண்டாம், நல்ல ரன்னிங் ஷூ ஒரு ஜோடி போதும். யூனிட்டில் அடுத்த கிராஸ் கன்ட்ரி தேர்வு எப்போது என்று கேட்டுப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் 5000 மீட்டர் நேரம் என்ன என்று கேட்டு இங்கே போடுங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.