மீதி ஆயிரம் யூனிட் எங்கே போனது?

குழு: தோவாளை வீடு

சனிக்கிழமை

தோவாளை அத்தை, காலை 7:05
எல்லோருக்கும் வணக்கம். ஒரு கணக்கு உதைக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவில் ஆளுக்கு 1,395 யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கிறது என்று பேப்பரில் படித்தேன். எங்கள் வீட்டில் மூன்று பேர். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம். மீட்டர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வருடத்துக்கு 1,080, ஆளுக்கு 360. அப்படியானால் என் பங்கில் மீதி ஆயிரம் யூனிட்டை எரித்தது யார்?

தங்கை, காலை 7:11
அத்தை, பணக்கார வீடுகளில் எல்லா அறையிலும் ஏசி ஓடுகிறது அல்லவா? சராசரி எடுக்கும்போது அதுவும் சேர்ந்துவிடும்.

தோவாளை அத்தை, காலை 7:12
அதற்காக ஆயிரமா மக்களே?

முப்பந்தல் அத்தான், காலை 7:30
அம்மா, பெரிய மாமா எழுந்திருக்கட்டும். 30 வருடம் துணைமின் நிலையத்தில் பதிவேடு எழுதியவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். வேறு யாரைக் கேட்க வேண்டும்?

பெரியப்பா, காலை 8:02
எழுந்துவிட்டேன். தங்கச்சி, நீ போட்ட கணக்கில் பிழை இல்லை. அந்த 1,395 எப்படி வருகிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். அது வீட்டு மீட்டர்களைக் கூட்டி வந்த எண் அல்ல. நாட்டில் உற்பத்தியான மொத்த மின்சாரத்தை எடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு முறை இது. ஆகவே அந்த 1,395க்குள் இரும்பு ஆலை, சிமெண்ட் ஆலை, ரயில், தெருவிளக்கு, வயல் மோட்டார், ஆஸ்பத்திரி எல்லாமே இருக்கின்றன. கம்பியில் சூடாகி வீணானதும் அதற்குள்தான். அனல்மின் நிலையம் தன் கரி அரைவைக்கும் மின்விசிறிக்கும் தானே எடுத்துக்கொண்டதும்கூட அதற்குள்தான்.

தோவாளை அத்தை, காலை 8:06
வீணானதையும் நான் செலவழித்ததாக எழுதுவார்களா அண்ணா?

பெரியப்பா, காலை 8:20
அந்த எண்ணில் அப்படித்தான். குத்துமதிப்பாகப் பிரித்துக் காட்டுகிறேன். நிலக்கரி நிலையத்தில் 100 யூனிட் உற்பத்தியானால் 6 முதல் 8 யூனிட் வரை அந்த நிலையத்துக்குள்ளேயே போய்விடும். வெளியே வருவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, வீடு வந்து சேர்வதற்குள் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. இப்படிக் கழித்தால் 1,395 என்பது சுமார் 1,100 ஆகும். அந்த 1,100இல் பத்தில் நான்கு பங்கு ஆலைகளுக்கு. ஆறில் ஒரு பங்கு விவசாயத்துக்கு. நான்கில் ஒரு பங்குதான் வீடுகளுக்கு. அதாவது வீட்டுக்குள் எரிவது ஆளுக்கு வருடம் 250 முதல் 300 யூனிட்டுக்குள். நீ 360. நாட்டுச் சராசரியைவிட நீ கூடுதலாகவே செலவழிக்கிறாய்.

தோவாளை அத்தை, காலை 8:22
ஐயோ. நான் சிக்கனமாக இருப்பதாக நினைத்தேன்.

தங்கை, காலை 8:25
பெரியப்பா, எனக்குக் கல்லூரியில் இதே தலைப்பில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் சொல்லுங்கள். ஒரு இடத்தில் 2023-24 உற்பத்தி 1 லட்சத்து 74 ஆயிரம் கோடி யூனிட் என்று இருக்கிறது. ஆனால் 1,395ஐ 140 கோடியால் பெருக்கினால் 1 லட்சத்து 95 ஆயிரம் கோடி வருகிறது. எது சரி?

பெரியப்பா, காலை 8:41
இரண்டும் சரிதான் மக்களே, பெருக்கிப் பார்த்தாயே, அதுவே பெரிது. முதல் எண் பொது மின்பாதைக்கு மின்சாரம் தரும் நிலையங்களுடையது. பெரிய ஆலைகள் தங்களுக்காகச் சொந்தமாக மின் நிலையம் வைத்திருக்கும், அதன் உற்பத்தி தனிக் கணக்கு. அதையும் சேர்த்தால்தான் உன் இரண்டாவது எண் வரும். கட்டுரையில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் மூன்று விஷயம் குறித்துவிடு. சொந்த நிலையங்கள் சேர்ந்திருக்கின்றனவா, நிலையத்தின் சொந்தச் செலவு கழித்த கணக்கா கழிக்காததா, ஏப்ரல் முதல் மார்ச் வரையா ஜனவரி முதல் டிசம்பர் வரையா. வெளிநாட்டு அமைப்புகளின் எண்ணும் நம் எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் காரணம்.

முப்பந்தல் அத்தான், காலை 9:15
என் பக்கத்துக் கதையும் கேட்டுக்கொள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் பழைய காற்றாலை ஒன்றின் பலகையில் 250 கிலோவாட் என்று எழுதியிருக்கும். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வருடம் முழுவதும் நிற்காமல் அந்த அளவில் சுழன்றால் 21 லட்சத்து 90 ஆயிரம் யூனிட் வரவேண்டும். வராது. மே முதல் செப்டம்பர் வரை காற்று ஆளைத் தள்ளும், ஜனவரியில் இலைகூட அசையாது. 2024 மார்ச் முடிவில் நாட்டில் மொத்தக் காற்றாலைத் திறன் சுமார் 46,000 மெகாவாட், ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட். அந்த ஆண்டில் கிடைத்தது சுமார் 8,300 கோடி யூனிட். பலகைக் கணக்குப்படி வரவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே திறன் வேறு, உற்பத்தி வேறு. செய்தியில் இத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று சொன்னால், அத்தனை மின்சாரம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

முப்பந்தல் அத்தான், காலை 9:19
இன்னொன்று. கோபுரத்துக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு எண் காட்டும். மின்மாற்றியைத் தாண்டி இருக்கும் மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டும். பணம் இரண்டாவது எண்ணுக்குத்தான். காற்றில்லாத நாளில் காற்றாலையே மின்பாதையிலிருந்து மின்சாரம் இழுக்கும், முகத்தைக் காற்றின் பக்கம் திருப்பவும் விளக்கு எரியவும். அதனால் எங்கள் மீட்டரில் கொடுத்தது, வாங்கியது என்று இரண்டு வரிசை.

மார்த்தாண்டம் சித்தப்பா, காலை 9:40
என் வீட்டிலும் இப்போது அப்படித்தான். மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டபின் இரு திசை மீட்டர் வைத்தார்கள். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வருகிறது. பகலிலேயே 5 யூனிட்டை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், 7 கம்பியில் ஏறுகிறது. அண்ணா, என் 12 யூனிட்டும் நாட்டுக் கணக்கில் வருமா?

பெரியப்பா, காலை 9:58
7 யூனிட் மீட்டரைத் தாண்டுவதால் நேராகப் பதிவாகும். வீட்டுக்குள்ளேயே முடிந்த 5 யூனிட் கம்பியில் ஏறவே இல்லை. கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர்களுக்கு உன் வீட்டின் தேவை பகலில் குறைந்ததாக மட்டுமே தெரியும். இப்படிப்பட்டதை எல்லாம், எத்தனை கிலோவாட் தகடு இருக்கிறது, எவ்வளவு வெயில் அடித்தது என்று வைத்துப் பெரும்பாலும் மதிப்பீடுதான் செய்கிறார்கள். கடைகளில் ஓடும் டீசல் ஜெனரேட்டரும் அதே வகை.

தங்கை, காலை 10:10
அப்படியானால் நாட்டில் இந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை எந்த மீட்டர் காட்டுகிறது?

பெரியப்பா, காலை 10:37
இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். அப்படி ஒரு மீட்டர் கிடையாது. தேவையும் இல்லை. கம்பியில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியாது. அணையின் மேலே ஏற்றி வைக்கும் தண்ணீர், மின்கலம் எல்லாம் இருந்தாலும் மொத்தத்தில் அது சிறு அளவு. ஆகவே ஒரு விநாடியில் எவ்வளவு உற்பத்தியோ அவ்வளவே அந்த விநாடியின் செலவு, கம்பி இழப்பையும் சேர்த்து. உற்பத்தி நிலையங்களைக் கூட்டினால் நாட்டின் தேவை தெரிந்துவிடும். 2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 250 கிகாவாட், அதாவது இரண்டரை லட்சம் மெகாவாட் என்று சொன்னது இந்த வழியில்தான்.

உற்பத்தி தேவைக்கு ஈடுகொடுக்கிறதா என்பதற்கு ஒரு நாடி உண்டு. அலைவெண், அதாவது மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் போய் வருகிறது என்பது. விநாடிக்கு 50 சுற்று. தேவை மிகவும் கூடினால் 49.9க்குக் கீழே இறங்கும், உற்பத்தி மிகவும் மிஞ்சினால் 50.05க்கு மேலே போகும். நான் இளம் வயதில் கோதையாறு மின் நிலையத்தில் இரவுப் பணி பார்த்தேன். மலையிலிருந்து பனி இறங்கிக் கண்ணாடியெல்லாம் வியர்த்திருக்கும். மணிக்கு ஒருமுறை துண்டால் மீட்டர் முகத்தைத் துடைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். உற்பத்தி, மின்னழுத்தம், அலைவெண், அணை நீர்மட்டம், கையெழுத்து. கோதையாறு முதல் நிலையம் 60 மெகாவாட், இரண்டாவது 40. நாட்டுக் கணக்கில் கடுகளவு. ஆனால் நான் தவறாக எழுதினால் சென்னையில் கூட்டல் தவறும், அது டெல்லி வரை போகும். இதை எங்கள் மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லி வைத்தார்.

இப்போது மீட்டரே 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துகொள்கிறது. நாளுக்கு 96 பதிவு. மாநில எல்லையில் மின்பாதை கடக்கும் இடங்களிலும் மீட்டர் உண்டு. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன. நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தாலும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் புதுச்சேரிக்கும் அதில் பங்கு இருக்கிறது. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை அந்த எல்லை மீட்டர்கள்தான் சொல்லும்.

மார்த்தாண்டம் சித்தப்பா, காலை 10:50
2012 ஜூலையில் வடக்கே பாதி இந்தியா இருளில் கிடந்தபோது நமக்கு விளக்கு எரிந்ததே, அது எப்படி அண்ணா?

பெரியப்பா, காலை 10:55
அப்போது தெற்கின் மின்பாதை வடக்கோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாகத்தான் சேர்த்தார்கள். இப்போது காஷ்மீருக்கும் நாகர்கோவிலுக்கும் ஒரே அலைவெண்.

தோவாளை அத்தை, பிற்பகல் 1:20
சமையல் முடித்துவிட்டு எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. உற்பத்திதான் தேவை என்று எழுதுகிறார்கள் என்றால், கரண்டு இல்லாத நாளில் எனக்குத் தேவை இல்லை என்று எழுதுவார்களா? ஒக்கி புயல் வந்தபோது, 2017 நவம்பர் 30, கம்பமெல்லாம் முறிந்து வாழை மேலும் ரப்பர் மேலும் கிடந்தது. நாள்கணக்கில் இருட்டு. கிணற்றில் தண்ணீர் இருந்தது, மோட்டார் போட முடியவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அந்த நாள்களின் கணக்கில் நாங்கள் பூஜ்யமா?

பெரியப்பா, பிற்பகல் 1:45
மீட்டர் கணக்கில் பூஜ்யம்தான் தங்கச்சி. பற்றாக்குறை என்று தனியாக ஒரு எண் வெளியிடுகிறார்கள், ஆனால் அது மீட்டரில் அளந்தது அல்ல, மதிப்பிட்டது. இத்தனை வருடம் பதிவேடு எழுதியும் நான் இதை உன்னைப்போல் கேட்டுப் பார்த்ததில்லை. ஒரு ஊரில் செலவு குறைவு என்று எண் சொன்னால், அங்கே தேவை குறைவா அல்லது கம்பி போய்ச் சேரவில்லையா என்று கேட்காமல் அந்த எண்ணைப் பயன்படுத்தவே கூடாது.

தங்கை, பிற்பகல் 1:50
அத்தை சொன்னதைக் கட்டுரையில் முதல் பத்தியாக எழுதப்போகிறேன். பெரியப்பா, ஆறில் ஒரு பங்கு மறைகிறது என்றீர்களே, அதை எப்படி அளக்கிறார்கள்?

பெரியப்பா, பிற்பகல் 2:30
அளப்பதில்லை, கழிக்கிறார்கள். அனுப்பியதில் இருந்து மீட்டரில் பதிவானதைக் கழித்தால் மீதி இழப்பு. அதில் கொஞ்சம் இயற்கை. கம்பியில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடாகி வீணாவது நான்கு மடங்கு. அதனால்தான் மின்னழுத்தத்தை உயர்த்தி, ஓட்டத்தைக் குறைத்து தூரத்துக்கு அனுப்புகிறோம். கொஞ்சம் பழுதான மீட்டர். கொஞ்சம் கொக்கி போட்டுத் திருடுவது. இது எல்லாம் ஒரே மூட்டையில்.

எனக்கு மனம் பொறுக்காத இடம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வயல் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லை. எவ்வளவு போனது என்பதை மாதிரிக்குச் சில இடத்தில் அளந்து மொத்தத்துக்கும் பெருக்குகிறார்கள். அந்த மதிப்பீடு கூடினால் இழப்பு குறைந்ததுபோல் தெரியும், குறைந்தால் இழப்பு கூடியதுபோல் தெரியும். திருட்டும் விவசாயி பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். இலவசம் இருக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. மோட்டாருக்கு மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

தோவாளை மாமா, பிற்பகல் 3:10
மச்சான், நான் அதிகம் எழுதுவதில்லை. பூச்சந்தையில் இருந்து இப்போதுதான் வந்தேன். நாங்கள் பிச்சிக்குத் தண்ணீர் இறைக்கும் 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 4 யூனிட் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு மீட்டர் வைப்பார்கள், நாளைக்குப் பில் வரும். விவசாயிக்கு அந்தப் பயம் இருக்கிறது. பிச்சி விலை ஒரு வாரம் விழுந்தால் உரக் கடன் நிற்கிறது.

பெரியப்பா, பிற்பகல் 3:18
உங்கள் பயம் நியாயமானது. ஆனால் உங்கள் 4 யூனிட்டை வேறு யாரோ 6 என்று எழுதினால் மறுத்துப் பேச உங்கள் கையில் என்ன இருக்கிறது?

தோவாளை மாமா, பிற்பகல் 3:25
அதுவும் சரிதான். ஆனாலும் எழுத்தில் உறுதி தராமல் நான் சம்மதிக்க மாட்டேன்.

பெரியப்பா, பிற்பகல் 3:27
நானும் உங்களுடன் வந்து அந்த உறுதியைக் கேட்பேன்.

முப்பந்தல் அத்தான், மாலை 6:30
அம்மா, நம் வீட்டு மீட்டரைப் பார். சிவப்பு விளக்கு மினுங்குகிறதே, பக்கத்தில் 3200 என்று எழுதியிருக்கும். 3,200 முறை மினுங்கினால் ஒரு யூனிட். பிரிட்ஜையும் மற்றதையும் அணைத்துவிட்டு இஸ்திரிப்பெட்டியை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணு.

தோவாளை அத்தை, மாலை 6:52
எண்ணினேன். ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கொசுத்தொல்லை, அதை மட்டும் அணைக்கவில்லை. 56 முறை.

தங்கை, மாலை 6:58
56ஐ 60ஆல் பெருக்கி 3,200ஆல் வகுத்தால் 1.05. மணிக்கு 1.05 யூனிட். அத்தை, இஸ்திரிப்பெட்டி எத்தனை வாட்?

தோவாளை அத்தை, மாலை 7:01
அடியில் 1000 என்று இருக்கிறது.

முப்பந்தல் அத்தான், மாலை 7:02
மீதி 50 உன் மின்விசிறி.

தோவாளை அத்தை, மாலை 7:04
அப்படியே வந்துவிட்டதே! இத்தனை வருடம் அந்த விளக்கு சும்மா எரிகிறது என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா, மாலை 7:10
காலண்டரில் இன்றைய கட்டத்தில் மீட்டர் எண்ணை எழுது தங்கச்சி. நேரமும் எழுது. நாளை அதே நேரத்தில் மறுபடியும்.

தோவாளை அத்தை, மாலை 7:15
14,206.4. எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

தோவாளை அத்தை, மாலை 7:15
14,209.7. ஒரு நாளைக்கு 3.3 யூனிட். இடையில் அரை மணி நேரம் கரண்டு போனது, அதையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் அண்ணா.