கிருஷ்ணகிரிக்காரனுக்குப் பழைய பாய்மரப் படகு: ஜே 24-ஆ, எண்டர்பிரைஸா?

ஓசூர் ஷிஃப்ட்காரன்:
வணக்கம். வீடு கிருஷ்ணகிரி, வேலை ஓசூர். புதுச்சேரியில பாய்மரப் பயிற்சி முடிச்சதுல இருந்து மண்டைக்குள்ள வேற எதுவும் ஓடல. செகண்ட் ஹேண்ட்ல சின்னதா ஒரு படகு வாங்கணும். சனிக்கிழமை கிளம்பி, ராத்திரி எங்கயாவது தங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்பணும். நான், வீட்டம்மா, எட்டு வயசுப் பையன். இழுக்க பொலிரோ இருக்கு. பட்ஜெட் மூணு லட்சம், கொஞ்சம் முன்ன பின்ன.

பார்த்து வச்சது ரெண்டு. ஒண்ணு மும்பையில ஒரு ஜே 24. உள்ள படுக்க இடம் இருக்கு, ஓனரும் விலை இறங்கி வர்றார். இன்னொண்ணு பெங்களூர்ல டிரெய்லரோட ஒரு எண்டர்பிரைஸ், மேல ஒண்ணும் மூடாத படகு. எனக்கு ஜே 24 மேலதான் கண்ணு. மாமனார் மட்டும் "ஒகேனக்கல் போய் பரிசல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க மாப்ள"ங்கிறார். அனுபவசாலிங்க சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் சாப்பர்:
தம்பி, மாமனாரைக் கேலி பண்ணாதீங்க. பரிசல்காரர் எந்தத் தண்ணியில ஓட்டப் போறோம்னு பார்த்துட்டுத்தான் பரிசல் கட்டுறார். நீங்க படகைப் பார்த்துட்டுத் தண்ணி தேடுறீங்க.

ஜே 24 நல்ல படகு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எடை 1,400 கிலோ. அடியில கீல்னு தூக்க முடியாத ஒரு கனமான துடுப்பு மாதிரிப் பாகம், நாலு அடி ஆழம் இறங்கி நிக்கும். அதை இறக்க ஏத்த கிரேன் வேணும். நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம்ல கிரேனுக்கு எங்க போவீங்க? அங்க முழுக் கொள்ளளவே 52 அடி, அதுவும் அணைச்சுவர் ஓரத்துல. கோடையில தண்ணி உள்வாங்கினா கரையோரம் முழங்கால் சேறு. சரி, மேட்டூர் பின்பக்கம் ஒட்டனூர், நாகமரைன்னு போனா தண்ணி கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும். ஆனா நீர்மட்டம் இறங்கினா பண்ணவாடியில முழுகிக் கிடக்கிற நந்தியும் சர்ச் கோபுரமும் தலை காட்டும், பேப்பர்ல போட்டோவே போடுவான். தலை காட்டுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அதெல்லாம் எங்க இருக்கும்? உங்க கீலுக்கு நேர் கீழ. எண்டர்பிரைஸ்ல கீலுக்குப் பதிலா நடுவுல தூக்கி இறக்குற பலகை, சென்டர்போர்டும்பாங்க, அதைத் தூக்கிட்டா முழங்கால் தண்ணியே போதும்.

நான் பட்டாளத்துல இருந்தப்ப அல்சூர் ஏரியில ஓட்டக் கத்துக்கிட்டவன். எங்க இன்ஜினியர் கோர் ஆளுங்க 1985-87ல திரிஷ்ணாங்கிற பாய்மரப் படகுல உலகத்தையே சுத்தி வந்தாங்க, அதனால கேபின் வச்ச படகு மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது. கிருஷ்ணகிரியில இருந்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமைக்காக அதை வச்சிக் காப்பாத்துறதுதான் வேண்டாங்கிறேன். மாந்தோப்பு ஓரத்துல ஒரு தகரக் கொட்டகை போட்டா எண்டர்பிரைஸ் அங்க நிக்கும். ஹல்லு, அதாவது படகோட வெறும் உடம்பு மட்டும் நூறு கிலோவுக்குள்ளதான், நாலு பேர் கை வச்சா நகரும்.

பெங்களூர் போனா பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீங்க. கையில ஒரு பழைய வேட்டித்துணி, ஒரு வாளி, கொஞ்சம் சோப்புத் தண்ணி. வேட்டித்துணியால, பாய்மரக் கம்பத்தை இழுத்துப் பிடிச்சு நிறுத்துற ஸ்டே வயரை மேலிருந்து கீழ வரை துடைங்க. ஒரு இழை விட்டிருந்தாலும் துணியைப் பிடிச்சு இழுக்கும். இழுத்தா வயர் புதுசு மாத்துற காசைக் கழிச்சுக் கேளுங்க. அப்புறம் படகை டிரெய்லர்லயே வச்சு உள்ள நாலஞ்சு வாளி தண்ணி ஊத்தி, கீழ குனிஞ்சு பாருங்க. சென்டர்போர்டு கூடு தரையோட சேர்ற இடத்துலதான் முதல்ல கசியும். கசிஞ்சா சாதாரணமா பூசி மறைக்கிற வேலை இல்ல அது.

முக்கியமானது காத்து டேங்க். அதுதான் கவுந்தா படகை மிதக்க வைக்கும். மூடியைத் திருகி எடுத்துட்டு முனையைச் சாய்ங்க, தண்ணி ஊத்துதான்னு பாருங்க. பிறகு ஒரு டியூபை வச்சு வாயால லேசா ஊதி, ஒட்டு ஓரமெல்லாம் சோப்புத் தண்ணி தடவுங்க. பஞ்சர் கடையில டியூபைத் தண்ணியில முக்குற மாதிரிதான், முட்டை விட்டா ஓட்டை. கம்ப்ரஸர் வச்சு அடிச்சிடாதீங்க, டேங்கே பிளந்துடும்.

பாயை வெயிலுக்கு எதிர்ல பிடிச்சு, தையல்ல நகத்தால சுரண்டிப் பாருங்க. நூல் பொடியா உதிர்ந்தா வெயில் தின்னுடுச்சு. துணி நல்லாருந்தா நூல் மட்டும் மறுபடி ஓட்டிக்கலாம்.

புதுவை அலைக்காரி:
சாப்பர் அண்ணா சொன்ன சோதனையெல்லாம் சரி. ஆனா எண்டர்பிரைஸ் ரேஸ் படகு அண்ணா, நாலு மீட்டர்தான். ரெண்டு பெரியவங்க, ஒரு பையன், டென்ட், சமையல் சாமான் எல்லாம் ஏறினா நெருக்கடிதான். தேடிப் பிடிக்க முடிஞ்சா வேஃபேரர் பாருங்க. கிட்டத்தட்ட 16 அடி, அதுவும் திறந்த படகுதான். 1963ல ஃபிராங்க் டை அதுல ஸ்காட்லாந்துல இருந்து ஐஸ்லாந்துக்கே போனார். நம்ம ஊர்ல அபூர்வமாத்தான் கண்ணுல படும்.

யாராவது ஹோபி 16, அதான் ரெண்டு உடம்பு சேர்த்துக் கட்டின படகு, தர்றேன்னு வந்தா மயங்காதீங்க. கடற்கரைக்கு ராஜா. ஆனா கவுந்தா நிமிர்த்த உடம்பு எடை வேணும், உங்க வீட்டம்மா தனியா இருந்தா நிமிராது.

கேபின்தான் வேணும்னா படகை கொச்சியில போல்காட்டி மரீனாவுல விட்டுட்டு, சேலத்துல ராத்திரி ரயில் ஏறிப் போங்க. ஆனா மாசாமாசம் வாடகை, அடிப்பாகத்துல பாசி, சிப்பி சுரண்டுற செலவு எல்லாம் சேரும். அந்த மூணு லட்சம் நுழைவுக் கட்டணம் மாதிரிதான்.

ஓசூர் ஷிஃப்ட்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஜே 24 ஓனர்கிட்ட வேண்டாம்னு இப்பவே சொல்லிடுறேன். சாப்பர் ஐயா, ரெண்டு சந்தேகம். டேம்ல யார் அனுமதி? ஆடிக் காத்துல இறக்கலாமா?

காவேரிப்பட்டணம் சாப்பர்:
நீர்வளத்துறை அணை இன்ஜினியர் ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க, வாய்ச்சொல் வேண்டாம். பின்னாடி அவுட்போர்டு மோட்டார் மாட்டினா 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துல பதிவு வரும், அதனால முதல்ல துடுப்போட நிறுத்திக்கோங்க. டிரெய்லருக்குத் தனியா ஆர்.சி. இருக்கான்னு வாங்குறப்பவே பாருங்க. மீன் குத்தகைக்காரங்க வலை எங்க போட்டிருக்காங்கன்னு விடியகாலையில கரையில கேட்டுக்கோங்க. வலை சுக்கான்ல சுத்தினா உங்க போர்டும் போச்சு, அவங்க பிழைப்பும் போச்சு.

ஆடியில வேண்டாம். மலை இடுக்குல இருந்து வர்ற காத்து, சும்மா இருந்துட்டுத் திடீர்னு அறையும். தை, மாசியில காலையில இறக்குங்க. முதல் நாள் பையனை ஏத்தாம, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, கரை ஓரமா நீங்களே வேணும்னு கவுத்து நிமிர்த்திப் பாருங்க. வீட்டம்மாவும் ஒருவாட்டி நிமிர்த்தணும். பெங்களூர் போற அன்னிக்குச் சொல்லுங்க, வேட்டித்துணி நான் எடுத்துட்டு வர்றேன்.