சுவரை அறுக்காமல் பாக்டீரியா எப்படி வளரும்?

மைக்ரோ_மித்ரா:
பெனிசிலின் பாடம் படிக்கும்போது வந்த சந்தேகம். ஈ.கோலை பாக்டீரியாவைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்ற சர்க்கரை-பெப்டைடு சுவர் ஒரே மூடிய வலையாக இருக்கிறது, உள்ளிருந்து நீர் அழுத்தம் வேறு தள்ளிக்கொண்டே இருக்கிறது. சரி, நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிற செல் புது இழையை எங்கே நுழைக்கும்? வலையை அறுத்தால் வெடித்துவிடாதா?

லேப்வாசி:
அறுத்துத்தான் ஆக வேண்டும். இருவகைச் சர்க்கரையை மாறிமாறிக் கோத்த நீள இழைகள், அவற்றைப் பக்கவாட்டில் பிணைக்கும் குட்டி பெப்டைடுகள் (அமினோ அமிலச் சங்கிலிகள்), இவ்வளவுதான் வலை. அந்தப் பெப்டைடு பிணைப்புகளை எண்டோபெப்டிடேஸ் நொதிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுக்க, சுற்றியிருக்கும் மற்ற பிணைப்புகள் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும், அதற்குள் புது இழை உள்ளே போய்விடும். 2012-இல் ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் மஞ்சுளா ரெட்டி குழுதான் இதை ஈ.கோலையில் காட்டியது: மெப்எஸ், மெப்எம், மெப்எச் என்ற மூன்று எண்டோபெப்டிடேஸ்களும் இல்லாமல் போனால் புதுச் சுவர் சேராது, செல் சிதைந்துவிடும். அதாவது அறுக்காவிட்டால்தான் ஆபத்து! செல் சுவர் ஆய்வுக்காக அவருக்கு 2019 இன்ஃபோசிஸ் பரிசும் கிடைத்தது, நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை என்பது வேறு கதை.

கழற்றிய துண்டுகளும் வீணாவதில்லை. ஒரு தலைமுறைக்குள் சுவரில் கிட்டத்தட்ட பாதியைப் பிரித்து, பெரும்பகுதியை உள்ளே எடுத்து மறுபடி பயன்படுத்துகிறது.

மைக்ரோ_மித்ரா:
நன்றிங்க. அப்போ பெனிசிலின் செய்வதும் அறுக்கிற வேலைதானா?

ராட்_வடிவம்:
இல்லை, அது பிணைக்கிற நொதியை அடைக்கிறது. புதுப் பெப்டைடின் நுனியில் இருக்கும் இரண்டு டி-அலனின் அமினோ அமிலங்கள் மாதிரியே தோற்றம் காட்டி, பிபிபி (பெனிசிலின் ஒட்டும் புரதம்) என்னும் அந்தப் பிணைக்கும் நொதிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். செல்லோ இழையைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், பிணைப்பு இல்லாத அந்த இழைகள் உடனுக்குடன் சிதைக்கப்படும், சரக்கும் சக்தியும் வீண். வளராமல் சும்மா கிடக்கிற செல்லை பெனிசிலின் அவ்வளவாகக் கொல்லாததும் இதனால்தான்.

எந்த பிபிபி அடைபட்டது என்பது நுண்ணோக்கியிலேயே தெரியும். பெனிசிலினின் உறவுக்கார மருந்தான செஃபலெக்சின் போட்டால் பிபிபி3 அடைபட்டு, நடுவில் பிரிய முடியாமல் நூல் நூலாக நீண்டுகொண்டே போகும். அதே வகையிலான மெசில்லினம் போட்டால் பிபிபி2 அடைபட்டு, கோல் வடிவம் போய் உருண்டையாகிவிடும்.

அப்புறம், தேர்வில் 'பெனிசிலின் சுவரைக் கரைக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள், அது கண்ணீரில் இருக்கும் லைசோசைம் செய்கிற வேலை.