மறு: ‘ஆர்டர் பை – கேஸ்’ முறைக்கு ஒரு கலைச்சொல்

> ‘நிபந்தனை வரிசை’ என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம். எஸ்கியூஎல் என்ற தரவுத்தள வினவல் மொழியில், பதிவுகளை வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’க்குள், நிபந்தனைக்கேற்ப மதிப்பு தரும் ‘கேஸ்’ கோவையை எழுதும் முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

சுருக்கம்தான், ஆனால் பொருள் திசைமாறுகிறது. அட்டவணையின் கிடைவரிசையையும் பலர் ‘வரிசை’ என்றே எழுதுவதால், நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளை வடிகட்டுவது என்று படித்துவிடுவார்கள்.

புகார் அட்டவணை ஒன்றில் ‘நிலை’ என்ற புலம். அதில் அவசரம், நிலுவை, தீர்ந்தது என மூன்று மதிப்புகள். அகரவரிசை என்றால் தீர்ந்தவை நிலுவைக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் கேஸ் எழுதி முறையே 1, 2, 3 தருகிறோம். வரிசையாக்கம் எப்படியும் நடக்கும். எந்தப் பதிவுக்கு எந்த எண் என்பதை மட்டுமே நிபந்தனை தீர்மானிக்கிறது. எனவே ‘நிபந்தனைவழி வரிசையாக்கம்’ என்பது என் பரிந்துரை. அந்த எண்ணை ‘வரிசைமதிப்பு’ எனலாம். ‘தரவரிசை’ வேண்டாம், அது பதிவு எத்தனையாவது இடம் என்று கணக்கிடும் ரேங்க் சார்புக்கு உரியது. ‘அடுக்கல்’ என்றால் ஸ்டேக் என்ற தரவமைப்பு நினைவுக்கு வரும்.

---

> ‘நிபந்தனைவழி வரிசையாக்கம்’ என்பது என் பரிந்துரை.

எனக்கும் சம்மதம். சொல்லோடு போகும் விளக்கத்தில் எல்ஸ் (எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது என்ன மதிப்பு என்று சொல்லும் பகுதி) பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். எல்ஸ் இல்லையென்றால், எந்த நிபந்தனைக்கும் பொருந்தாத பதிவின் வரிசைமதிப்பு ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாதது, ஆகிவிடும். தரவுத்தள மென்பொருள்களில் மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட், எஸ்கியூஎல் சர்வர் மூன்றும் ஏறுவரிசையில் ‘நல்’லை முதலில் வைக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் ஆரக்கிளும் கடைசியில் வைக்கும். ‘எல்ஸ் 9’ என்று எழுதிவிட்டால் எங்கும் ஒரே விடை. ஒரு மதிப்பு பட்டியலில் எத்தனையாவது என்று தரும் மைஎஸ்கியூஎல்லின் ஃபீல்டு சார்பிலும் இதே சிக்கல் உண்டு: பட்டியலில் இல்லாத மதிப்புக்கு அது 0 தருவதால், அந்தப் பதிவுகள் உச்சிக்கு ஏறிவிடும்.

ஏறு, இறங்கு என்ற திசையை கேஸுக்குள் எழுத முடியாது, கேஸை முடிக்கும் ‘எண்ட்’டுக்குப் பிறகுதான் வரும். தீர்ந்தவற்றில் புதியது முதலில், மற்றவற்றில் பழையது முதலில் வேண்டுமா? மூன்று வரிசைமதிப்புகள் கொடுங்கள். முதலாவது நிலைக்கான எண். இரண்டாவது, தீர்ந்தவற்றுக்கு மட்டும் தேதி தரும் கேஸ், இறங்குவரிசையில்; இங்கே எல்ஸை வேண்டுமென்றே விடுகிறோம், மற்றவை எல்லாம் ‘நல்’ ஆகிச் சமமாக நிற்கும். மூன்றாவது வெறும் தேதி, ஏறுவரிசையில்.

ஒரே கேஸின் கிளைகளில் எண்ணையும் எழுத்தையும் கலந்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் வினவலையே ஏற்காது.

வேகத்தையும் ஒரு வரியில் சொல்லலாம். ‘நிலை’ மேல் இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவாக எடுக்க உதவும் சுட்டி) இந்த வரிசைக்கு உதவாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும், 8.0.13 முதல் மைஎஸ்கியூஎல்லிலும் அந்த கேஸ் கோவைக்கே இண்டெக்ஸ் போடலாம். நிலைகள் அடிக்கடி கூடிக் குறையுமானால் கேஸே வேண்டாம். வரிசைமதிப்பைத் தனி அட்டவணையில் வைத்து இணைப்பதே நல்லது.