டெம்பஸ்டைட்: 'சூறைப்பாறை'யா, 'புயற்படிவா'?

நண்பர்களே,

புயலின்போது கடலடியில் படியும் அடுக்கான டெம்பஸ்டைட்டுக்கு (tempestite) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் சொன்னது:

> 'சூறைப்பாறை' எனலாமே, சொல்வதற்கும் நன்றாக இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சூறை என்றதும் காற்று மணலை வாரிக் கொட்டியதாகத் தோன்றிவிடும். இங்கே வேலை செய்வது அலை. அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் எட்டும், அதனால் அமைதியான நாட்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் சேறு மட்டும் படிந்துகொண்டிருக்கும்; புயலில் அலைகள் நீண்டுவிடுவதால் பல பத்து மீட்டர் ஆழத்திலும் கடலடி அரிபட்டு, சிப்பிகள் புரண்டு, கரைப்பக்க மணலும் உள்ளே இழுபட்டு வருகிறது.

தென்மேற்கு ஜெர்மனியின் முஷெல்கால்க் சுண்ணாம்புக்கற்களில், அதாவது சுமார் 24 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆழமற்ற கடலில், இதை வரிசையாகவே படிக்கலாம். அடியில் கத்தியால் சீவியதுபோல் அரிப்புத்தளம், அதன்மேல் நெருக்கியடித்துக் கிடக்கும் உடைந்த சிப்பிகள், மேலே போகப்போக நுணுகும் துகள், மெல்லிய வரிகள், அலைத்தடம், கடைசியில் உயிரிகள் துளைத்த சேறு. கரைக்கு அருகே அடுக்குகள் தடித்து ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கிடக்கும், ஆழத்துக்குப் போனால் மெலிந்து சேற்றுக்குள் விரல் தடிமனாகிவிடும். புவியியலாளர் தாமஸ் ஐக்னர் 1980களில் இந்தப் போக்கை விரிவாகக் காட்டினார்.

'பாறை' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. வடகடலின் ஜெர்மன் வளைகுடாவில் இன்றும் புயல் மணலடுக்குகள் சேற்றுக்கு நடுவே படிகின்றன, அவை இன்னும் பாறையாகவில்லை. ஆகவே 'புயற்படிவு'. டர்பிடைட்டுக்குக் 'கலங்கற்படிவு' என்று வைத்தால் இரண்டும் நல்ல இணையாகும்: இரண்டிலும் துகள் மேல்நோக்கி நுணுகும், ஆனால் கலங்கற்படிவு சரிவில் இறங்கும் கலங்கல் நீரோட்டத்தால் வருவது.

சரி, அப்புறம் புயற்படிவு மணலில் தெரியும் ஹம்மாக்கி (hummocky, 'மேடுமேடான') அடுக்கு. 1975இல் ஹார்ம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வைத்த பெயர். சாதாரணக் குறுக்கடுக்கு, அதாவது மணலடுக்குக்குள் சாய்வாகக் கிடக்கும் வரிகள், நீர் ஓடிய திசையில் ஒருபக்கமாகச் சாயும். இதில் தாழ்ந்த மேடும் பள்ளமும் மாறிமாறி வர, வரிகள் எல்லாத் திசையிலும் மெல்லச் சாய்ந்திருக்கும். அலை முன்னும் பின்னும் ஆட்டியதற்கு முக்கியத் தடயமே இதுதான், எனவே பெயரில் மேடு தெரிந்தே ஆக வேண்டும். 'திட்டைக் குறுக்கடுக்கு' என்கிறேன். பள்ளங்கள் மட்டும் மிஞ்சும் ஸ்வேலி வகைக்குக் 'குழிவுக் குறுக்கடுக்கு' என்று யோசித்தேன், ஆனால் ஆற்று மணலில் வரும், தொட்டிபோல் குழிந்த டிரஃப் வகையோடு குழம்பும். அதற்கு வேறு சொல் யாராவது தாருங்கள்.